எல்லா வயதினரும் பார்க்கலாம்

அந்தத் திரைப்படக் கல்லூரியில் பதினோரு அறைகளின் சாவிகளும் அவள் இடுப்பில்தான் தொங்கின. அதனால் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒதுங்கி வழிவிடுவாள்.

காலை எட்டு மணிக்கு அறைகளைத் திறப்பாள். நடிப்பவர்கள் நிற்க வேண்டிய இடம் தெரிவதற்காகத் தரையில் ஒட்டியிருக்கும் டேப்புகளைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பாள். ஹெட்போன்களின் பஞ்சுறைகளைக் கழற்றி அலசிக் காயப்போடுவாள். கேபிள் சுற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று கீழாக. மறுநாள் வீசினால் முறுக்கே விழாமல் அறையின் கடைசி வரை ஓடும்.

பேச்சு மட்டும் வராது. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை, கேட்காத கேள்விக்கு அதுவும் இல்லை. வெட்கம் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பயந்தாலும் அதே சிரிப்பு, திட்டு வாங்கினாலும் அதே சிரிப்பு. ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது அப்படித்தான் சிரித்தாள். என்ன திமிர் என்று ஆசிரியை வெளியே நிறுத்தினார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. வீட்டிலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கணவன் லாரி ஓட்டியவன். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது ஒரு மழை நாளில் விபத்தில் வண்டியோடு போய்விட்டான். மகனை ஒற்றை ஆளாக வளர்த்தாள். அவன் நல்ல பிள்ளைதான், ஆனால் சினிமாப் பைத்தியம். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குப் போகாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. என்ன படம் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை. திரை ஒன்று இருக்க வேண்டும், அதன்மேல் ஏதாவது அசைய வேண்டும்.

அவனுடைய பதினேழாவது வயதில், பள்ளி இறுதித் தேர்வு நடந்த ஒரு வெள்ளிக்கிழமை, உங்கள் பையன் தேர்வெழுத வரவில்லை என்று பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. அவளுக்கு இடம் தெரியும். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க நேராகத் தியேட்டருக்குப் போனாள். வரிசையில் நண்பர்களோடு நின்றிருந்தான். வாழ்நாள் முழுக்க வாய் திறக்காதவளுக்கு அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ ஆவேசம். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி மூன்று அடி அடித்தாள். "செத்துத் தொலை. நீ இருந்தா என்ன, போனா என்ன" என்றாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடி வாங்கிய கன்னத்தோடு டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனான். அவள் அறைகளைப் பூட்டக் கல்லூரிக்குத் திரும்பினாள்.

படம் விட்டது. மகன் வீட்டுக்கு வரவில்லை. அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

வேறு ஊரில் இருக்கும் நாத்தனாருக்கு மட்டும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை யாருடைய போனிலிருந்தாவது கூப்பிடுவான். "அத்தை, உயிரோட இருக்கேன்" என்பான். நாத்தனார் "உங்கம்மா" என்று தொடங்கியதும் இணைப்பு அறுந்துவிடும். திரும்பக் கூப்பிட்டால் யாரோ கடைக்காரர் எடுப்பார், தம்பி போயிடுச்சே என்பார். ஒவ்வொரு முறையும் வேறு ஊர்.

இந்தக் கதை கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை.

இறுதியாண்டுப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து இருபது நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். இயக்கியது ஒரு பெண். குரல் கட்டைக்குரல், நடை வேகம், அவளை எல்லோரும் டைரக்டர் என்றே கூப்பிட்டார்கள். படத்தொகுப்பு செய்தவன் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன், அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். மூன்றாமவன் எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறவன், ஆகவே பட்டியல்.

படம், பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் ஒரு பெண்ணைப் பற்றியது. குடையைத் தொலைத்தவர், பல்செட்டைத் தொலைத்தவர், பெண்டாட்டியை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் என்று ஒவ்வொருவராக வந்து அறிவிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் சிரிப்பு. நடுவில் ஒரு நிமிடம், காணாமல் போன மகனைத் தேடி ஒரு தாய் வருவாள். அவளாக நடிக்க வேண்டியவர் வரவில்லை.

"சாவியக்கா, நீங்க நில்லுங்க. ஒரே ஒரு வரிதான்" என்றாள் டைரக்டர்.

வேறொரு நாளாக இருந்தால் சாவியக்கா ஓடி ஒளிந்திருப்பாள். என்ன வரி என்று கேட்டாள். "என் பையன் இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தது. தாளை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகப் படித்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். வீட்டிலிருந்து ஒரு பழைய மழைக்கோட்டு கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாமா என்று. மகன் விட்டுப்போன சாம்பல் நிறக் கோட்டு அது. கைமுட்டியில் அவள் போட்ட கறுப்பு ஒட்டு.

கேமரா ஓடியது. அவள் தாளில் இருந்ததைச் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "செத்துத் தொலைன்னு சொன்ன அதே வாயாலதான் கூப்பிடுறேன். எல்லார் முன்னாடியும் அடிச்சேன், எல்லார் முன்னாடியும் கேக்குறேன். வந்துடுப்பா" என்றாள். கண்ணீர் தாடைவரை வந்து கோட்டின் காலரில் இறங்கியது. திடீரென்று பட்டியல், தொடக்கத்தில் அடிக்க மறந்திருந்த கிளாப் பலகையை அவள் முகத்துக்கு முன்னால் பட்டென்று அடித்தான். அவள் திடுக்கிட்டு, எல்லோரும் தன்னையே பார்ப்பதை அப்போதுதான் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேமராவை யாரும் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.

"இத்தனை நாளா இந்த நடிப்பை எந்த ரூம்ல வச்சுப் பூட்டியிருந்தீங்க?" என்றான் கண்ணாடி.

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பத்து நாள் கழித்து, தொகுப்பறையில் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூவரும் ட்ரெய்லர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல ஒண்ணு முடிவு பண்ணுங்க. யாருக்குக் காட்டப் போறோம்?" என்றான் பட்டியல்.

"கண்ணு இருக்கிறவங்களுக்கு" என்றான் கண்ணாடி.

"இரு, எழுதிக்கிறேன்."

"எழுதித் தொலையாதடா. நீ பல்லு விளக்குறதையே எழுதி வச்சுத்தான் விளக்குவ."

டைரக்டர் மேசையைத் தட்டினாள். "விளையாடாதீங்க. வருஷத்துக்கு ஒரு வாரம் தியேட்டர் கம்பெனிக்காரங்க நமக்கு இடம் தர்றாங்க. பன்னெண்டு ஊரு, இருபத்தேழு ஸ்க்ரீன். என்ன படம் ஓடினாலும் அதுக்கு முன்னாடி நம்ம ட்ரெய்லர். ஆனா எல்லா வயசுக்கும்னு சான்றிதழ் வாங்கியிருக்கணும்."

"வாங்கலன்னா?"

"ட்ரெய்லரோட வயசு, பின்னாடி வர்ற படத்தோட வயசைத் தாண்டக் கூடாது" என்றான் பட்டியல். "யானைக்குட்டிப் படம் பாக்க வந்த குழந்தை தலையில பதினாறு வயசுச் சங்கதியக் கொட்ட முடியுமா? பதினாறுன்னு முத்திரை விழுந்தா ஒரே ஊரு, ஒரே ஸ்க்ரீன், ஒரே பேய்ப்படம். பேயும் நாமளும்தான் பாத்துக்கணும்."

பன்னிரண்டு ஊர் என்ற சொல்லில் சாவியக்காவின் துணி நின்றுவிட்டது. மகன் எந்த ஊரில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை ஒரு தியேட்டருக்குள்தான் இருப்பான். பேச்சை அறுக்க அங்கே போன் இல்லை. இருட்டில் உட்கார்ந்திருப்பான், திரையில் அம்மா வருவாள், வந்துடுப்பா என்பாள். அவன் கோட்டையே போட்டுக்கொண்டு சொல்வாள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அவர்கள் காட்சிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு வண்ணப் பொட்டு. பச்சை என்றால் எல்லோருக்கும், மஞ்சள் பன்னிரண்டுக்கு மேல், சிவப்பு பதினாறுக்கு மேல். மாலையில் அவர்கள் போனதும் அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். குடை, பச்சை. பல்செட், பச்சை. பெண்டாட்டி, மஞ்சள். வலது ஓரத்தில், தனியாக: 'தாய், மைக், செத்துத் தொலை, அழுகை.' சிவப்பு.

இரண்டு நாள் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பெருக்கினாள். மூன்றாம் நாள் காலை, அறையைத் திறந்த கையோடு, அந்தச் சீட்டை நகத்தால் உரித்து, குடைக்கும் பல்செட்டுக்கும் நடுவில் பச்சைக் கூட்டத்தில் ஒட்டிவிட்டு, எதுவும் தெரியாதவள் போலக் கேபிள் சுற்ற உட்கார்ந்தாள். ஐம்பது வயதை நெருங்கியவள். திருட்டு என்று அவள் செய்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பட்டியல் வந்ததும் கண்டுபிடித்துவிட்டான். பட்டியல்காரன் கண்ணுக்குத் தப்புமா? "இது யாரு மாத்தினது?"

கண்ணாடி தன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் கை கேபிளில் தவறான சுற்றுப் போட்டது.

"அக்கா. நீங்களா?"

தலையாட்டினாள்.

"ஏன்க்கா?"

இதுதான் நேரம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். என் பையன் என்ற இரண்டு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தன. மூன்று முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. வகுப்பறையில் எழுந்து நின்றதுபோல இருந்தது. செருப்பால் அடித்தேன் என்று இந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

"அக்காவுக்கும் ஹீரோயின் ஆசை வந்துடுச்சு" என்றாள் டைரக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆமாம் என்றுதான் அதற்கு அர்த்தம் ஆயிற்று.

அவர்கள் நல்ல பிள்ளைகள். கிண்டல் செய்தாலும் அவள் ஆசையை மதித்தார்கள். கண்ணாடி அந்த ஷாட்டிலிருந்து 'செத்துத் தொலை'யை வெட்டினான், அடித்ததை வெட்டினான். கண்ணீரும் "வந்துடுப்பா"வும் மட்டும் மிஞ்சின. ஏழு வினாடி. அதை வைத்தே சான்றிதழ் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. பட்டியல் உரக்கப் படித்தான். "காரணம் சொல்லப்படாமல் ஒரு தாய் அழுவது சிறு குழந்தைகளுக்குக் கலக்கம் தரும். பன்னிரண்டுக்கு மேல்."

"காரணம் சொன்னா?" என்றாள் டைரக்டர்.

"சொன்னா பதினாறு."

"ஆக, ஏன் அழுறோம்னு சொன்னாலும் குத்தம், சொல்லலன்னாலும் குத்தம்."

"குத்தம்னு யாரு சொன்னா? பதினாறு வயசுக்கு மேல அழுதுக்கலாம்" என்றான் கண்ணாடி.

மறு விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். பட்டியல் சிவப்பு மையால் தாயின் சீட்டுக்குக் குறுக்கே கோடிழுத்தான். சாவியக்கா கதவோரம் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் முகத்தைக் கண்ணாடி பார்த்துவிட்டான். அவள் வெளியே போனதும் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தான்.

"கவலைப்படாதீங்கக்கா. நீங்க கண்டிப்பா இருப்பீங்க. நான் வழி பண்றேன்."

"இருப்பேனா?"

"சத்தியமா. பன்னெண்டு ஊர்லயும்."

எப்படி என்று அவள் கேட்கவில்லை. படித்த பிள்ளை, ஏதோ வழி தெரிந்திருக்கும். மறு விண்ணப்பம் போய், 'எல்லா வயதினரும் பார்க்கலாம்' என்று சான்றிதழ் வந்த அன்று கேபிள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அவன் கூப்பிட்டா என் பேச்சை எடுக்காதீங்க. இந்த வெள்ளிக்கிழமை தியேட்டருக்குச் சீக்கிரமா போடான்னு மட்டும் சொல்லுங்க. படத்துக்கு முன்னாடி போடுறதை விடாம பாக்கச் சொல்லுங்க."

"என்னம்மா புதிர் போடுற?"

"சொல்லுங்க அண்ணி. போதும்."

அதிர்ஷ்டம் என்றுதான் அப்போது தோன்றியது. புதன்கிழமை அவன் கூப்பிட்டான். நாத்தனார் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். "சரி அத்தை" என்றானாம். இரண்டு வருடத்தில் அவன் போனை அறுக்காமல் வைத்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சாவியக்கா முதல் காட்சிக்குப் போனாள். அதே தியேட்டர். வரிசையில் நிற்கும்போது கால் செருப்பைப் பார்க்காமல் நின்றாள். உள்ளே பிள்ளைகளும் பெற்றவர்களுமாக நல்ல கூட்டம். நடு வரிசையில் இடம் கிடைத்தது. விளக்கு அணைந்தது. முதலில் சான்றிதழ் வந்தது, பிறகு மைக், அறிவிப்புப் பெண்ணின் குரல். "குடையைத் தொலைத்தவர் கவனத்துக்கு. குடை இங்கே இருக்கிறது, மழைதான் வரவில்லை." சிரிப்பு. "பல்செட்டைத் தொலைத்தவர் கவனத்துக்கு. வாயைத் திறந்து காட்டிப் பெற்றுக்கொள்ளவும்." பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் திரை நிறைய அவள் முகம் வந்தது. சாம்பல் கோட்டு, கைமுட்டியில் கறுப்பு ஒட்டு. வாயைப் பொத்திக்கொண்டு, கண் இடுங்க, தோள் குலுங்கச் சிரித்தாள். பின்னால் துள்ளலான இசை. பிறகு படத்தின் பெயர்.

அவ்வளவுதான். நாற்பத்தைந்து வினாடி.

பக்கத்தில் ஒரு குழந்தை, "அந்தப் பாட்டி ஏன் சிரிக்குது?" என்று கேட்டது. "ஜாலியா இருக்காங்கடா" என்றாள் அதன் தாய்.

யானைக்குட்டி வருவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்தாள். பன்னிரண்டு ஊரில், இருபத்தேழு திரையில், அதே நேரத்தில் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்தது. அவனை அனுப்பி வைத்தவளும் அவள்தான்.

கல்லூரிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். தொகுப்பறையில் மூவரும் இருந்தார்கள்.

"அந்தச் சிரிப்பை எடுத்துடு தம்பி."

கண்ணாடிக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏன்க்கா? உங்களை விடக் கூடாதுன்னு தேடித் தேடி எடுத்தேன். கிளாப் அடிச்ச பிறகு வந்தது. அதுதான்க்கா ட்ரெய்லர்லயே நல்ல ஷாட்."

"நல்லா இல்ல. எடுத்துடு."

"கூச்சப்படாதீங்கக்கா, அழகா இருக்கீங்க" என்றாள் டைரக்டர்.

பட்டியல் விவரம் சொன்னான். "இனிமே தொட முடியாதுக்கா. சான்றிதழ் அந்த நாப்பத்தஞ்சு செகண்டுக்குக் கொடுத்தது. ஒரு ஃப்ரேம் எடுத்தாலும் புதுசா விண்ணப்பிக்கணும், பதில் வர பத்து நாள். ஓடப்போறதோ ஒரே வாரம்."

"முழுசா நிறுத்திட்டா?"

"எதுக்குக்கா நிறுத்தணும்?"

மறுபடியும் மூன்று முகங்கள். சொல்லு, சொல்லு என்று உள்ளே ஏதோ அவள் விலாவில் இடித்தது. வாய் திறந்தது. வந்தது சிரிப்புதான். கை தானாக வாய்க்குப் போயிற்று.

"பாத்தியா, அதே சிரிப்பு" என்றான் கண்ணாடி, நிம்மதியாக.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் இருந்தது. "இப்பதான் பேசினான். போய்ப் பாத்தானாம். அவனே உன் பேச்சை எடுத்தான்மா, நான் எடுக்கல."

"என்ன சொன்னான் அண்ணி?"

"அம்மா சினிமாவுல வருது அத்தை, என் கோட்டைப் போட்டுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்குதுன்னான். அது அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல, நான் போனதுதான் அதுக்கு நல்லதாப் போச்சுன்னான். இத்தனை நாளா மனசு உறுத்திட்டே இருந்துச்சாம். இனிமே உறுத்தாதாம். இனி கூப்பிட வேணாம்னு இருக்கான் போல. அத்தை, நீங்களும் நல்லா இருங்கன்னு வச்சுட்டான். ஏம்மா, இருக்கியா?"

"எந்த நம்பர் அண்ணி?"

நாத்தனார் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். உடனே போட்டாள். மூன்றாவது மணியில் ஒரு வயதான குரல் எடுத்தது. "ஹலோ, யாரும்மா?"

"இப்ப ஒரு பையன் உங்க போன்ல பேசினானே. பத்தொம்பது வயசு."

"ஒல்லியா ஒருத்தர். பேசிட்டு பஸ் ஏறிட்டாரே."

"எந்த ஊர் பஸ்?"

"பாக்கலயேம்மா. இங்க நிமிஷத்துக்கு ஒண்ணு போகுது."

அவர் பின்னால் பஸ்களின் இரைச்சல் கேட்டது. அதற்கும் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண்ணின் குரல், எதையோ அறிவித்துக்கொண்டிருந்தது.

"அங்க மைக்ல சொல்ல முடியுமாய்யா?"

"என்ன சொல்லணும்?"

அப்போது அவளுக்குப் பேச்சு வந்தது. நிற்காமல் வந்தது. "அது சிரிப்பு இல்லன்னு சொல்லணும். கிளாப் அடிச்சாங்க, பயந்துட்டேன். அதுக்கு முன்னாடி நான் அழுதேன், அதை வெட்டிட்டாங்க. குழந்தைங்க பாக்கக் கூடாதுன்னு வெட்டிட்டாங்க. செத்துத் தொலைன்னு நான்தான் சொன்னேன். செருப்பால அடிச்சேன். அவன் இல்லாம எனக்கு ஒரு நாளும் நல்லா இல்ல. வந்துடச் சொல்லுங்கய்யா."



"பஸ் போயிடுச்சேம்மா" என்றார் கடைக்காரர், மெதுவாக. "யார்கிட்ட சொல்றது?" பிறகு யாரோ அவரிடம் எதையோ கேட்டார்கள். "இரும்மா, ஆள் நிக்கிறாங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அறைகளைத் திறந்தாள். தொகுப்பறைச் சுவரில் சீட்டுகள் அப்படியே இருந்தன. ட்ரெய்லர் இன்னும் நான்கு நாள் ஓடும்.